ஸ்டாக் ஆண்ட்ராய்டா, கம்பெனி ஸ்கின்னா?

திண்ணைவாசி:
வணக்கம். அம்மாவின் போனில் பேட்டரி உப்பிப்போய்ப் பின்மூடியையே தூக்கிவிட்டது. புதிது வாங்க வேண்டும், 20 ஆயிரத்துக்குள். "கூகுள் தர்ற மாதிரியே சுத்தமா இருக்கிற ஸ்டாக் ஆண்ட்ராய்டுதான் வாங்கணும், கம்பெனிக்காரன் மேல பூசுற ஸ்கின் எல்லாம் குப்பை" என்கிறான் தம்பி. சாம்சங் வைத்திருக்கும் என் மனைவியோ, "என் போன்ல இருக்கிறதுல பாதி அவன் போன்ல கிடையாது" என்கிறாள். இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சு. மாடல் பெயர் வேண்டாம், அதைக் கடையில் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே இருக்கிற இன்டர்ஃபேஸில் எது மேல் என்று மட்டும் சொல்லுங்கள்.

வெறும்சோறு:
தம்பி சொல்வதுதான் சரி. 2014 செப்டம்பரில் மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் மூன்றும் ஆண்ட்ராய்டு ஒன் போன்களை இறக்கின. ஸ்கின் பூசாமல் கூகுள் தருவதை அப்படியே போட்டு விற்கும் திட்டம் அது. விலை 6,399 ரூபாயில் தொடங்கியது. அதில் ஒன்றை வாங்கினேன். 1 ஜிபி ரேம்தான். ஆனால் தேவையில்லாத ஆப் ஒன்றுகூட இல்லாததால் அந்த ஒரு ஜிபியும் எனக்கே கிடைத்தது.

அப்பா வைத்திருந்தது வேறொரு கம்பெனி போன், பெயர் வேண்டாம். ஸ்கின் தடிமனாகப் பூசியது. பிரஷர் மாத்திரைக்கு நினைவூட்ட ஓர் ஆப் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு அடித்தது. மூன்றாம் நாள் மௌனம். பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று போனே அந்த ஆப்பைப் பின்னணியில் கொன்றுவிட்டிருக்கிறது. அப்பா மாத்திரை போடாமலே தூங்கிவிட்டார். இதற்கென்றே 'டோன்ட் கில் மை ஆப்' என்று ஒரு தளம் இருக்கிறது. எந்தக் கம்பெனி எவ்வளவு மோசம் என்று மலச் சின்னம் போட்டு மதிப்பெண் கொடுப்பார்கள். போய்ப் பாருங்கள்.

குழம்புப்பிரியை:
பெயருக்கேற்ற பேச்சு! வெறும் சோற்றை எத்தனை நாள் சாப்பிடுவீர்கள்?

இன்று நீங்கள் ஸ்டாக் என்று கொண்டாடுவதில் பாதி, ஸ்கின்காரர்கள் முதலில் செய்து காட்டியது. திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு ஆப் ஓட்டுவதை சாம்சங் 2012இலேயே நோட் வரிசையில் கொடுத்துவிட்டது. கூகுளுக்கு 2016இல், ஆண்ட்ராய்டு 7ல்தான் அது விளங்கியது. நீளமான பக்கத்தை உருட்டி ஸ்கிரீன்ஷாட் எடுக்க கூகுள்காரர்கள் 2021 வரை, ஆண்ட்ராய்டு 12 வரும் வரை காத்திருந்தார்கள். நாங்கள் அதற்குப் பல வருடம் முன்பே எடுத்துக்கொண்டிருந்தோம்.

2018 நவம்பரில் தன் புதிய ஸ்கினான ஒன் யுஐயை அறிவித்தபோது சாம்சங் செய்ததைக் கவனித்தீர்களா? செட்டிங்ஸைத் திறந்தால் மேல்பாதியில் பெரிய எழுத்தில் தலைப்பு மட்டும். தொட வேண்டிய வரிகள் எல்லாம் கீழே, கட்டைவிரல் எட்டுகிற இடத்தில். ஒரு கையால் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போன் பார்ப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். அம்மாவுக்கு என்றால் ஈஸி மோட் இருக்கிறது. ஒரே சுவிட்சில் ஐகானும் எழுத்தும் பெரிதாகும், கீபோர்டும் பளிச்சென்று தெரியும்.

அப்புறம் கால் ரெக்கார்டிங். கூகுளின் போன் ஆப்பில் ரெக்கார்டு அழுத்தினால், பதிவாகிறது என்று எதிர்முனைக்கும் குரல் கேட்கும். அதன் பிறகு யார் மனசு விட்டுப் பேசுவார்கள்?

வெறும்சோறு:
தெரியாமல் பதிவு செய்ய முடிவதை வசதி என்கிறீர்கள், நான் வம்பு என்கிறேன். அதை விடுங்கள்.

ஒன் யுஐ நன்றாக இருக்கிறது என்றால் அதற்கு முன்னால் சாம்சங்கின் பழைய ஸ்கினான டச்விஸ் எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2012இல் வந்த எஸ்3ல் பூட்டுத்திரையைத் தொட்டால் தண்ணீர் அலை எழும்பும், சளக்கென்று சத்தம் வேறு. இன்றைக்கும் சாம்சங்கில் இரண்டு பிரவுசர், இரண்டு ஆப் கடை. ஒரு வீட்டுக்கு எத்தனை வாசல்?

அப்டேட் கதையைக் கேளுங்கள். ஆண்ட்ராய்டு 15 கூகுளின் சொந்தப் போன்களான பிக்சல்களுக்கு 2024 அக்டோபரில் வந்தது. சாம்சங்கின் அப்போதைய உச்சப் போனான எஸ்24க்கு 2025 ஏப்ரலில். ஆறு மாதம்! பூச்சு காய அவ்வளவு நேரம்.

குழம்புப்பிரியை:
அந்த ஆறு மாதமும் பாதுகாப்பு பேட்ச் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தது. பதிப்பு எண் மாறவில்லை, அவ்வளவுதான். பிக்சல் 8க்கு கூகுள் ஏழு வருட அப்டேட் என்றது. மூன்று மாதத்தில் எஸ்24க்கு சாம்சங்கும் அதே ஏழு வருடத்தைச் சொன்னது. 20 ஆயிரத்துக்குள் இறங்கி வந்தால் சாம்சங்கின் ஏ16 5ஜிக்கு ஆறு ஆண்ட்ராய்டு பதிப்பு வரை வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் 2014 போனுக்கு எத்தனை வருடம் சொன்னார்கள்? இரண்டுதானே.

ஆப்பைக் கொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. 2015இல், ஆண்ட்ராய்டு 6ல் டோஸ் (Doze) என்ற பேட்டரி மிச்சம் பிடிக்கும் வசதி வந்ததிலிருந்து கூகுளும்தான் ஆப்களைத் தூங்க வைக்கிறது.

வெறும்சோறு:
டோஸ் வேறு, இது வேறு. டோஸ் எப்போது தூங்க வைக்கும், எப்போது எழுப்பும் என்று கூகுள் விளக்கமாக எழுதி வைத்திருக்கிறது. ஆப் செய்கிறவர் அதைப் படித்து, அலாரத்துக்கென்று உள்ள வழியில் செய்தால் எழும். கம்பெனிக்காரர்கள் அதற்கு மேல் போடுகிற பூட்டு எந்த ஏட்டிலும் இல்லை. ஆப் செய்தவர் என்ன செய்வார் பாவம், திட்டு மட்டும் அவருக்கு.

நள்ளிரவு ஃபிளாஷ்:
இரண்டு பேரும் இல்லாத ஒன்றுக்காகச் சண்டை போடுகிறீர்கள். ஸ்டாக் ஆண்ட்ராய்டு என்று கடையில் ஒரு போனும் கிடையாது. கூகுள் திறந்த மூலமாகத் தருகிற ஏஓஎஸ்பியை எடுத்து ஒரு பழைய போனில் ஏற்றிப் பார்த்திருக்கிறேன். பிளே ஸ்டோர் இல்லை, மேப் இல்லை, கேமரா ஆப் படம் எடுத்தது என்று சொல்லலாம், அவ்வளவே. வெறும் சோறுகூட இல்லை, ஊறப்போட்ட அரிசி. பிக்சலில் இருப்பதும் கூகுள் தன் போனுக்காகப் பூசிய ஸ்கின்தான். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வரும் அழைப்பைத் தானே எடுத்து விசாரிக்கும் கால் ஸ்கிரீன் ஏஓஎஸ்பியில் எங்கே இருக்கிறது?

ஷாவ்மியின் ஸ்கினான எம்ஐயுஐ பிறந்த கதை தெரியுமா? 2010 ஆகஸ்டில் வந்தது. ஷாவ்மியின் முதல் போன் வந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து. அந்த ஒரு வருடமும் அது மற்றவர்களுடைய போன்களில் ஆட்கள் தாங்களே ஏற்றிக்கொண்ட ரோம், அதாவது போனில் இருப்பதை எடுத்துவிட்டுப் போடும் மாற்று சாஃப்ட்வேர். அன்றைய கூகுள் வடிவமைப்பு பிடிக்காதவர்கள் தேடிப்போய்ப் போட்டுக்கொண்டது. ஸ்கின் என்பதே திணிக்கப்பட்டது என்றால் இதை எங்கே சேர்ப்பீர்கள்?

உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு பரிசோதனையை ஷாவ்மியே செய்து காட்டியது. 2017இல் ஒரே போனை இரண்டு விதமாக விற்றார்கள். சீனாவில் எம்ஐ 5எக்ஸ், உள்ளே எம்ஐயுஐ. இந்தியாவில் எம்ஐ ஏ1, உள்ளே ஆண்ட்ராய்டு ஒன். நான் ஏ1 வாங்கினேன், லேசாகப் பறந்தது. ஆனால் பின்னால் இரண்டு கேமரா வைத்து, முகத்தைத் தவிர மற்றதை மங்கலாக்கும் வித்தைக்கு ஷாவ்மி தன் கேமரா ஆப்பைத்தான் உள்ளே வைத்திருந்தது. 'சுத்தமான' போனுக்கும் கொஞ்சம் குழம்பு ஊற்றத்தான் வேண்டியிருந்தது.

ஏ1, ஏ2, 2019இல் ஏ3. அதோடு சரி, அந்த வரிசை நின்றுவிட்டது. ஏன் என்று என்னைக் கேட்டால் காசுதான் என்பேன். போன் முதலிய பொருட்களில் நிகர லாபம் ஐந்து சதவீதத்தைத் தாண்டாது என்று 2018இல் ஷாவ்மி அறிவித்தது. மீதிக் காசு எங்கிருந்து வரும்? இணைய சேவையிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும். அந்த விளம்பரத்தை மாட்ட ஒரு சுவர் வேண்டாமா? ஸ்கின்தான் அந்தச் சுவர். ஸ்டாக் போட்டு விற்றால் சுவர் கூகுளுடையதாகிவிடும்.

குழம்புப்பிரியை:
சுவரில் ஆணி அடிப்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எல்லாரையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். மற்றபடி எம்ஐயுஐ கதைக்கு நன்றி, என் கட்சிக்கு வலு சேர்க்கிறது.

வெறும்சோறு:
இல்லை, என் கட்சிக்கு. 2010இல் பிடித்துப்போய் ஏற்றிக்கொண்டார்கள். இன்றைக்குப் பிடிக்காவிட்டாலும் கழற்ற முடியாது. வேறு சாஃப்ட்வேர் ஏற்றவிடாமல் தடுக்கும் பூட்டான பூட்லோடரைத் திறக்கவே கம்பெனியிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

சர்வீஸ் கடை, தேனி:
பதினோரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். ஸ்டாக், ஸ்கின் என்ற வார்த்தையைச் சொல்லி ஒரு வாடிக்கையாளரும் என்னிடம் வந்ததில்லை. "போனைத் திறந்தா என்னென்னமோ படம் வருது தம்பி" என்றுதான் வருவார்கள்.

போன வாரம் ஒரு பாட்டி வந்தார். பூட்டுத்திரையில் நாளுக்கொரு படம் மாறுகிற வசதி ஓடிக்கொண்டிருந்தது. திறப்பதற்காகத் தள்ளுகிறார், விரல் கொஞ்சம் பக்கவாட்டில் போகிறது, ஏதோ விளையாட்டு விளம்பரத்தில் போய் விழுகிறார். பேரன் போன் பண்ணும்போதெல்லாம் இப்படி ஆகி, எடுக்கிறதுக்குள்ளே மணி நின்றுவிடுகிறதாம். போன் கெட்டுப்போச்சு, வேறு மாற்றிக் கொடு என்றார். அதை அணைத்து, பைல் மேனேஜரிலும் தீம் ஆப்பிலும் பரிந்துரை என்ற பெயரில் வருவதை ஒவ்வொன்றாக நிறுத்தி, மாத்திரை ஆப்புக்குப் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. காசு வாங்க மனசு வரவில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு அந்த ஸ்கினில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இன்னொன்று, ஸ்டாக் போன்களில் டிஸ்ப்ளே மாற்ற வந்தால் சாமான் கிடைக்க நாள் ஆகிறது. எங்கள் ஊரில் அந்தப் போன்கள் குறைவாக ஓடுவதால்தான். சாஃப்ட்வேரைப் பார்க்கிறவர்கள் இதையும் பார்க்கலாம்.

வெறும்சோறு:
அண்ணா, பத்து நிமிடம் உங்களுக்கு. அந்தப் பாட்டி அதற்கு முன்னால் எத்தனை மாதம் அப்படியே வைத்திருந்தாரோ? காசு கொடுத்து வாங்கிய போனில் தேடித் தேடி அணைக்க வேண்டிய சுவிட்ச் ஒன்று இருந்தாலும் அது குறைதான்.

சர்வீஸ் கடை, தேனி:
அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

குழம்புப்பிரியை:
எனக்கும்தான். ஆனால் அது விளம்பரத்தின் மீதுள்ள கோபம், வடிவமைப்பின் மீதல்ல. ஒன் யுஐ தொட வேண்டிய வரிகளைக் கீழே இறக்கியதற்கும் விளம்பரத்துக்கும் என்ன சம்பந்தம்?

திண்ணைவாசி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை அம்மாவையே கடைக்குக் கூட்டிப்போனேன். தம்பியும் வந்தான், வாயைத் திறக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு. ஸ்டாக்குக்குப் பக்கமாக ஒன்று, சாம்சங் ஒன்று, இரண்டையும் கையில் கொடுத்தோம். அம்மா ஐகானையும் பார்க்கவில்லை, எழுத்தையும் பார்க்கவில்லை. "எனக்கு ஒரு போன் போடு" என்றார்.

முதல் போனுக்கு அடித்தேன். விரலை மேலே தள்ளி எடுத்தார், "ம், வருது" என்றார். சாம்சங்குக்கு அடித்தேன். பச்சை வட்டத்தைக் குத்திக் குத்திப் பார்த்தார், எடுக்கவில்லை. அதை இழுக்க வேண்டும் என்று தெரியவில்லை. மூன்றாம் தடவை இழுத்துவிட்டார். ஆனால் அதற்குள் முகம் சுருங்கிவிட்டது.

தம்பிக்கு ஒரே குஷி. அப்புறம்தான் எனக்கு உறைத்தது: அம்மாவின் பழைய போன் ஸ்கின் போட்ட போன்தான். அதில் அழைப்புக்கு மட்டும் கூகுளின் போன் ஆப் இருந்தது. அந்தப் பழக்கம்தான் கையில் ஊறியிருக்கிறது. தம்பி ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறான், நானும் சொல்லவில்லை.

கடைசியில் வாங்கியது மூன்றாவது ஒன்று. ஸ்கின் உண்டு, ஆனால் அழைப்பு வந்தால் மேலே தள்ளித்தான் எடுக்க வேண்டும். காலையில் பார்த்தால் பூட்டுத்திரையில் ஏதோ மலைப் படம், கீழே மேலும் படிக்க என்று ஒரு வரி. தேனி அண்ணா, இதை எங்கே போய் நிறுத்துவது?

சர்வீஸ் கடை, தேனி:
செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் அல்லது வால்பேப்பர் பக்கத்தில் இருக்கும். இல்லையென்றால் மேலே உள்ள தேடல் கட்டத்தில் லாக் என்று அடியுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அப்படியே மாத்திரை ஆப்புக்குப் பேட்டரி கட்டுப்பாட்டையும் எடுத்துவிடுங்கள்.