20 இஞ்ச் பாருக்கு 20 இஞ்ச் செயின் வாங்கியும் தொங்குது. எப்படி அளந்து வாங்குறது?

பொகவந்தலாவ_58

வணக்கம். மரம் அறுக்கிற செயின் மெசின், சைனா மேக், 58 சிசி, 20 இஞ்ச் பார் (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு). பழைய செயின்ல பல்லு முடிஞ்சதால டவுன்ல "20 இஞ்ச் செயின்" என்று கேட்டு ஒன்று வாங்கியிருக்கு. பார் பள்ளத்துக்குள்ள அது சரியா இறங்குது, பக்கவாட்டு ஆட்டமும் இல்ல. ஆனா டென்ஷன் ஸ்குரூவை கடைசி வரைக்கும் முறுக்கினாலும் பாருக்குக் கீழ நாலு விரலுக்குத் தொங்குது. கையால இழுத்துப் பார்த்தா மூக்குல இருக்கிற சின்னச் சக்கரத்துல ஏறி ஏறி விழுது. பார்ல அடிச்சிருந்த எழுத்து தேய்ஞ்சு ஒன்றும் தெரியல.

ரெண்டும் 20 என்றால் ஏன் பொருந்தல? கடைக்குப் போறதுக்கு முன்ன என்னென்ன அளந்துக்கணும்? அடுத்தது, டர்பன்டைன் மரக் குத்திகள் 30 இஞ்ச் குறுக்களவு வரைக்கும் வருது. இதே மெசினுக்கு 24 இஞ்ச் பார் போடலாமா?

பட்டறை_பண்டாரவளை

தம்பி, 20 இஞ்ச் என்றது பாரோட பேர். செயினுக்கு அப்படி ஒரு அளவே கிடையாது. செயினுக்கு மூன்று நம்பர் வேணும்: பிட்ச் (ஆணிக்கு ஆணி சராசரி இடைவெளி, இஞ்ச் கணக்கு), கேஜ் (பார் பள்ளத்துக்குள்ள ஓடுற காலோட தடிப்பு), டிரைவ் லிங்க் (அந்தக் கால்) எண்ணிக்கை. இதுல ஒன்று மாறினாலும் பூட்ட முடியாது, இல்லாட்டி பூட்டியும் வேலை செய்யாது.

நீங்க சொல்ற குறியை வச்சுப் பார்த்தா, உங்களுக்குக் கொடுத்திருக்கிறது 3/8 பிட்ச், 72 லிங்க் செயின். ஹஸ்குவர்னா 365, 372 மாதிரி மெசின்களோட 20 இஞ்ச் பாருக்கு வர்றது. சைனா 52, 58 சிசி மெசின்ல 20 இஞ்ச் பாருக்குப் பெரும்பாலும் .325 பிட்ச், 76 லிங்க். ரெண்டுக்கும் கேஜ் 1.5 மி.மீ. அதனாலதான் பள்ளத்துக்குள்ள ஒழுங்கா இறங்கி உங்களை ஏமாத்துது.

பிட்ச் அளக்கிற விதம்: செயினை இழுத்து நேரா ஒரு பலகையில வைங்க. அடுத்தடுத்து இருக்கிற மூன்று ரிவட் ஆணியை எடுத்து, முதல் ஆணியோட நடுவுல இருந்து மூன்றாவது ஆணியோட நடு வரைக்கும் அளந்து ரெண்டால வகுங்க. ரெண்டு ஆணியை மட்டும் அளந்து முடிக்கக் கூடாது. டிரைவ் லிங்க்குக்குள்ள இருக்கிற ரெண்டு ஆணிக்கும் இடைவெளி ஒன்று, அதுக்கு அடுத்த இடைவெளி வேற. மூன்று ஆணி எடுத்தாத்தான் சராசரி சரியா வரும்.

மூன்று ஆணி தூரம் 16.5 மி.மீ. என்றால் .325. 19 என்றால் 3/8. 20.5 என்றால் .404, அது பழைய ஸ்டில் 070 மாதிரி பெரிய மெசின். 12.7 என்றால் 1/4, சின்னக் கிளை வெட்டுற மெசின்.

வேர்னியர் இல்லாம ஸ்கூல் அடிமட்டம்தான் கையில இருக்கு என்றால் 11 ஆணி எண்ணி அளங்க. .325 என்றால் 82.5 மி.மீ., 3/8 என்றால் 95 மி.மீ. சொச்சம், .404 என்றால் 102.5. அந்தளவு வித்தியாசத்துல யாருக்கும் தப்பாது. பழைய செயின் ஆணி தேய்ஞ்சு நீண்டிருக்கும், ஒரு மி.மீ. கூட வந்தா குழம்பாதீங்க.

இப்ப ஏன் தொங்குது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். லிங்க் எண்ணிக்கையை மூன்று ஆணி தூரத்தால பெருக்கினா செயினோட முழுச் சுற்று வரும். 76 x 16.5 = 1254 மி.மீ. 72 x 19.05 = 1371 மி.மீ. சுற்றுல 117 மி.மீ. அதிகம். அதை இறுக்கி எடுக்க பார் 58 மி.மீ. முன்னுக்குப் போகணும். டென்ஷன் ஸ்குரூவுக்கு அவ்வளவு ஓட்டம் கிடையாது.

லிங்க் எண்ணும்போது டிரைவ் லிங்க்கைத்தான் எண்ணணும், அதாவது பார் பள்ளத்துக்குள்ள ஓடுற கூர்க்கால். வெட்டுற பல்லை இல்ல. செயினை ரெண்டா மடிச்சுப் பலகையில போட்டு, ஒரு கால்ல சாக்கட்டியால குறி வச்சு, ரெண்டு ரெண்டா எண்ணி வாங்க. சாதாரண செயின்ல வெட்டுற பல்லு லிங்க்ல சரி பாதி இருக்கும், 76க்கு 38 பல்லு. அதை வச்சு ஒரு தடவை சரி பார்த்துக்கலாம். 66 லிங்க் மாதிரி பாதி ஒற்றை எண்ணா வர்ற செயின்ல ஓரிடத்துல ஒரே பக்கப் பல்லு ரெண்டு அடுத்தடுத்து இருக்கும். அது பழுது இல்ல, கணக்கு அப்படித்தான் முடியும்.

சவுக்குத்தோட்டம்

பிட்ச் பற்றி அண்ணன் சொல்லிட்டார். கேஜ்லதான் நிறையப் பேர் மாட்டிக்கிறாங்க.

கேஜ் என்றது கூர்க்காலோட தடிப்பு. நடைமுறையில நாலு அளவுதான்: 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. பெட்டியில .043, .050, .058, .063 என்று போட்டிருப்பாங்க. இதைப் பாரோட பள்ளத்துல அளக்காதீங்க. ஓடின பார்ல பள்ளம் அகலிச்சுப் போயிருக்கும், 1.5 பார் 1.6 என்று காட்டும். செயினோட காலை வேர்னியர்ல பிடிங்க, அதுவும் கால் நுனியில இல்ல, அகலமான நடுப்பகுதியில. வேர்னியர் இல்லாட்டி வால்வ் செட் பண்ற பீலர் கேஜ் தகடுகளைச் சேர்த்துச் சேர்த்து விரலால ஒப்பிட்டாலும் போதும்.

1.5க்கும் 1.6க்கும் நடுவுல ஒரு முடி அளவுதானே என்று விடக் கூடாது. ஸ்டில் 381ல 20 இஞ்ச் பாருக்கு 3/8, 72 லிங்க், கேஜ் 1.6. ஹஸ்குவர்னா 372ல 20 இஞ்சுக்கு அதே 3/8, அதே 72, ஆனா 1.5. 1.6 செயின் 1.5 பள்ளத்துல இறங்கவே இறங்காது, அது நல்லது, உடனே தெரிஞ்சுடும். 1.5 செயின் 1.6 பள்ளத்துல இறங்கி ஓடும். குத்தியில பாதி போனதும் செயின் ஒரு பக்கம் சாய்ஞ்சு, வெட்டு வளைஞ்சு, பார் இறுகி நிற்கும். ஆளுங்க அரத்துல குறை சொல்லுவாங்க, பல்லை மறுபடி மறுபடி ராவுவாங்க. குறை அங்க இல்ல.

அளக்கிறதுக்கு முன்ன செயினைப் பெட்ரோல்ல கழுவிட்டுக் காலையும் பல்லையும் பாருங்க, நம்பர் அடிச்சிருக்கும். ஓரிகன் செயின்ல டிரைவ் லிங்க்ல ரெண்டு இலக்கம் இருக்கும். 21 என்றால் .325க்கு 1.5, 22 என்றால் .325க்கு 1.6. 72, 73, 75 மூன்றும் 3/8தான், கேஜ் வரிசையா 1.3, 1.5, 1.6. இந்த 72ஐ லிங்க் எண்ணிக்கை என்று நினைச்சு வாங்கினவங்களும் இருக்காங்க. ஸ்டில்ல வேற மாதிரி: கூர்க்கால்ல ஒரே இலக்கம், 3 என்றால் 1.3, 6 என்றால் 1.6. பிட்சுக்கு வெட்டுற பல்லுல இன்னொரு இலக்கம், 2 என்றால் .325, 3 என்றால் 3/8, 4 என்றால் .404, 6 என்றால் சின்ன 3/8.

அந்தச் சின்ன 3/8 விஷயத்துல கவனம். சவுக்கு நிழல் மரத்துல கிளை கழிக்கிற ஸ்டில் 180 மாதிரி சின்ன மெசின்களுக்கு வர்றது, உடம்பு தாழ்வா இருக்கும். மூன்று ஆணி அளந்தா பெரிய 3/8 மாதிரியே காட்டும். ஆனா ஸ்ப்ரொக்கட் (செயினைச் சுத்துற பல்லுச் சக்கரம்) வேற, ஒன்றுக்கொன்று மாத்த முடியாது. அடிமட்டத்தால இதைப் பிரிக்க முடியாது, நம்பரைத்தான் பார்க்கணும். ஓரிகன்ல 91 என்றால் சின்ன 3/8, 1.3. 90 என்றால் 1.1.

மேட்டுலயம்

24 இஞ்ச் பார் கேள்விக்கு: போடாதீங்க.

முதல்ல பார் நீளம் அளக்கிறது எப்படி என்று சொல்லிடுறேன். பாரைக் கழட்டி முழுசா அளந்தா தப்பு. பூட்டின நிலையில, மெசின் முன்பக்கம் பார் வெளிய வர்ற இடத்துல இருந்து மூக்கு நுனி வரைக்கும் அளந்து, வர்றதைப் பெரும்பாலும் மேல இருக்கிற இரட்டை எண்ணுக்குக் கொண்டு போகணும். 18 1/2 வந்தா 20 பார்.

58 சிசி மெசினுக்கு 20 இஞ்ச் எல்லை. அதுவும் பச்சை டர்பன்டைன்ல முழு பாரும் மரத்துக்குள்ள புதைஞ்சா இன்ஜின் மூச்சு வாங்கும். ஸ்டிக்கர்ல இருக்கிற சிசியையும் அப்படியே நம்ப வேணாம், சைனா மெசின்ல சின்ன இன்ஜினுக்குப் பெரிய நம்பர் ஒட்டியிருக்கிறது சகஜம். நீள பாருக்கு இன்னொரு தடை ஒயில் பம்ப். 20 இஞ்சுக்குப் போதுமான ஒயில் 24க்கு மூக்கு வரைக்கும் எட்டாது. நுவரெலியா பக்கம் காலைக் குளிர்ல ஒயில் தடிச்சு இன்னும் மெதுவா வரும். மூக்குச் சக்கரம் காய்ஞ்சு நீலம் பூத்து முடியும்.

30 இஞ்ச் குத்தியைத் துண்டு போட 20 பாரே போதும், ரெண்டு பக்கமா வெட்டினா 36 இஞ்ச் வரைக்கும் எட்டும். ஆனா சரிவுல நிற்கிற மரத்தை வெட்டிச் சாய்க்கிற நேரம் கதை வேற. ரெண்டு பக்கமும் வெட்டணும் என்றால் கீழ்ப்பக்கம் இறங்கி நிற்கணும். மரம் உதறினாலோ குத்தி உருண்டாலோ அங்க ஓட இடமில்ல. மேல்பக்கத்துல இருந்தே முடிக்க நீள பார் வேணும்தான். அதுக்கு 70 சிசி மெசின், 381 மாதிரி 72 சிசி உள்ளது, 25 இஞ்ச் பாரோட கொண்டு வரணும். சின்ன மெசினை இழுத்து நீட்டுறது அதுக்கு வழி இல்ல.

நேர் எதிர் யோசனையும் உண்டு. நீங்க அடிக்கடி அறுக்கிறது 15 இஞ்சுக்குக் குறைஞ்ச சவுக்கு மரமும் வாட்டில் மரமும் என்றால் 18 இஞ்ச் பாருக்கு இறங்குங்க. அதே மெசின்ல செயின் வேகம் விழாது, ராவ வேண்டிய பல்லும் குறைவு. சைனா மெசின்ல 18க்கு .325, 1.5, 72 லிங்க் வரும். இங்கயும் 72 வருது பாருங்க, பிட்ச் சொல்லாம 72 என்று மட்டும் கேட்டா திரும்ப 3/8தான் கையில வரும்.

பார் மாத்தும்போது பழைய பாரைக் கையில கொண்டு போய்ப் புதுசு மேல வச்சுப் பாருங்க. நட் போற நீள வெட்டோட அகலம், டென்ஷன் முள் போற ஓட்டை, ஒயில் ஓட்டை, மூன்றும் ஒத்து வரணும். ஸ்டில் 381 வகையில அந்த வெட்டு சுமார் 12 மி.மீ., ஹஸ்குவர்னா பெரிய மெசின்ல சுமார் 9. வெட்டை ராவி அகலமாக்கிப் பூட்டுறவங்க உண்டு. பார் உட்காரும், ஒயில் ஓட்டை விலகிப் போயிருக்கும், ஒரு வாரத்துல பார் விளிம்பு எரிஞ்சிடும். பூட்டினதும் மூக்கை ஒரு வெள்ளை அட்டைக்கு நேரே பிடிச்சு அக்சிலேட்டர் கொடுங்க, ஒயில் கோடு தெறிச்சு விழணும்.

பொகவந்தலாவ_58

ரொம்ப நன்றி. பழைய செயின் அளந்தாச்சு: 11 ஆணிக்கு 83 மி.மீ., கால் 1.5க்குக் கொஞ்சம் குறைவு, 76 கால், 38 பல்லு. கால்ல 21 என்று மங்கலா தெரியுது. புதுசுல 11 ஆணிக்கு 95, 72 கால். கடையில மாத்தித் தர மாட்டாங்களாம், "நீளம்தான் பிரச்சினை, லிங்க் கழட்டி 66 ஆக்கித் தாறோம், சரியா உட்காரும்" என்று சொல்றாங்க. செய்யலாமா? ஸ்ப்ரொக்கட்டும் மாத்தணுமா?

பட்டறை_பண்டாரவளை

செய்ய விடாதீங்க தம்பி. 66 x 19.05 = 1257. நீளம் உங்க பாருக்குக் கச்சிதமா வரும், அதுதான் ஆபத்து. கிளட்ச் டிரம்ல இருக்கிற ஸ்ப்ரொக்கட்டும் மூக்குச் சக்கரமும் .325க்கு வெட்டினது. 3/8 கால் அந்தப் பல்லு இடையில உட்காராம மேல ஏறி ஓடும். முதல் அக்சிலேட்டர்லயே கால் மழுங்கும், இல்லாட்டி செயின் கழன்று வலது கைப் பக்கம் அடிக்கும். 3/8தான் ஓடணும் என்றால் ஸ்ப்ரொக்கட், பார், செயின் மூன்றும் ஒன்றா மாத்தணும். இந்த மெசினுக்கு அந்தச் செலவு தகாது. 3/8 போடுற வெட்டும் அகலம், இன்ஜின் இன்னும் திணறும்.

கேட்க வேண்டியது: .325, 1.5, 76. ரோல்ல இருந்து வெட்டித் தர்ற கடை என்றால் வாங்கின இடத்துலயே எண்ணுங்க. இணைக்கிற ரிவட்டும் அதே செயின் வகைக்குரியதா, அடிச்ச இடத்துல லிங்க் விரலால தாராளமா மடியுதா என்று பாருங்க. இறுகி நின்றா அந்த இடம்தான் முதல்ல அறும்.

ஸ்ப்ரொக்கட் பல்லுல செயின் பதிஞ்ச தடம் அரை மி.மீ. ஆழம் போயிருந்தா மாத்துங்க. பழைய ஸ்ப்ரொக்கட்ல புதுச் செயின் போட்டா செயினும் அந்தத் தேய்மானத்துக்கே நீளும். ரெண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ரொக்கட் என்று கணக்கு வச்சுக்கலாம். பாரையும் இந்தச் சாக்குல தலைகீழாத் திருப்பிப் பூட்டுங்க, விளிம்புல பிசிர் இருந்தா தட்டை அரத்தால நீக்குங்க. பள்ளம் 6 மி.மீ. ஆழத்துக்குக் குறைஞ்சிருந்தா கால் அடியில முட்டும், அந்த பார் வேலைக்கு ஆகாது.

பழைய 3/8க்கு வச்சிருக்கிற 5.5 அரத்தை இதுக்குப் போடாதீங்க, .325க்கு 4.8 மி.மீ. வட்ட அரம். பல்லுக்கு முன்ன இருக்கிற மேடு பல்லை விட 0.65 மி.மீ. தாழ்வா இருக்கணும். அதுக்கு மேல ராவினா செயின் மரத்தைக் கடிச்சு இழுக்கும், மெசின் உதைக்கும்.

புதுச் செயின் பூட்டும்போது பிளக் தொப்பியைக் கழட்டிட்டு, கையுறை போட்டு, பார் மூக்கை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நட்டை இறுக்குங்க. நடுவுல செயினைப் பிடிச்சு இழுத்தா கால் பள்ளத்தை விட்டு முழுசா வெளிய வரக் கூடாது, கையாலயும் தடையில்லாம சுத்தணும். முதல் நாள் ரெண்டு மூன்று தடவை நீளும், திரும்ப இறுக்கணும். சூட்டோட இறுக்கியிருந்தா வேலை முடிச்சதும் தளர்த்தி வைங்க, ஆறும்போது செயின் சுருங்கி கிராங்க் பெயாரிங்கைப் பிடிச்சு இழுக்கும்.

சவுக்குத்தோட்டம்

அந்த 72 லிங்க் செயினை வெட்ட விடாம அப்படியே வச்சிருங்க. கால்ல 73 என்று இருந்தா ஹஸ்குவர்னா 365, 372ல 3/8, 1.5, 20 இஞ்ச் பார் ஓட்டுற யாரும் வாங்குவாங்க. 66 ஆக்கிட்டா கேட்க ஆள் கிடைக்காது.