உறைபனியில் ஹம்மிங் பறவை: யோசனை சொல்லுங்கள்

சியாட்டில் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி. குளிர்காலத்திலும் இங்கேயே தங்கிவிடும் அன்னா ஹம்மிங் பறவை ஒன்று எங்கள் பால்கனிக்கு வருகிறது. எடை நாலைந்து கிராம்தான். ஒரு பங்கு சர்க்கரைக்கு 4 பங்கு தண்ணீர் கலந்து தொங்கவிடுகிறேன். நேற்று மைனஸ் 6 டிகிரி. விடியற்காலையில் பார்த்தால் புட்டி கல்லாக உறைந்திருக்கிறது. பறவை விளிம்பில் உட்கார்ந்து துளைக்குள் அலகை விட்டுவிட்டு எடுக்கிறது. மனசு கேட்கவில்லை. இரவெல்லாம் உடல் சூட்டைக் குறைத்து மரத்துக் கிடந்துவிட்டு வரும் உயிர், விடிந்ததும் சாப்பிட்டாக வேண்டுமே.

இப்போதைக்கு இரண்டு புட்டிகளை மாற்றி மாற்றி வைக்கிறேன். அடுத்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட். பழைய குண்டு பல்பை அடியில் கட்டினால் போதுமா? (எல்.இ.டி.யில் அவ்வளவு சூடு வராது.) மழையில் ஷாக் அடிக்காமல் எப்படிக் கட்டினீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.