எல்லாரிடமும் போகிறாள், அதுதான் பயமாக இருக்கிறது

தலவாக்கலைப் பொண்ணு | டிசம்பர் 17

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பதினைந்து வருடமாக கனடாவில், டொரோன்டோ பக்கம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இங்கிருந்து ஒரு பெண் பிள்ளையை மகவேற்புச் செய்ய, அதாவது தத்தெடுக்க, ஐந்து வருடம் அலைந்தோம். நான் இந்த மண்ணில் பிறந்தவள்தான், ஆனால் குடியிருப்பது அங்கே என்பதால் கணக்குக்கு இது வெளிநாட்டு மகவேற்பு. இந்த மாத முதல் கிழமையில் கோர்ட் உத்தரவு கைக்கு வந்தது. மகளுக்கு மூன்று வயதும் நான்கு மாதமும். பாஸ்போர்ட், விசா வேலை முடிய ஜனவரி கடைசி ஆகும் என்கிறார்கள். அதுவரை அம்மா வீட்டில்தான். பள்ளிக்கூட லீவு, மார்கழி பஜனை, கிறிஸ்மஸ், அப்புறம் பொங்கல். வருடத்திலேயே வீடு நிறைய ஆள் இருக்கிற காலமாகப் பார்த்து வந்து மாட்டியிருக்கிறோம்.

வந்த முதல் நாளே அவள் எல்லாரிடமும் போனாள். சின்னம்மா தூக்கினாலும் சரி, அடுத்த லயத்துக் கிழவி தூக்கினாலும் சரி, கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். எல்லாப் பெண்களையும் "அம்மா" என்றே கூப்பிடுகிறாள். அவள் இருந்த சிறுவர் இல்லத்தில் பேச்சு சிங்களம். இரண்டு மொழியிலும் அம்மா அம்மாதான், அங்கே வேலைக்கு வருகிற ஒவ்வொருத்தியும் அம்மாதான். என் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "வேத்துமுகமே இல்ல இந்தப் புள்ளைக்கு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நான் அறையை விட்டு வெளியே போனால் அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, அவள் அழுவதில்லை. முந்தாநாள் இரவு மூன்று மணி இருக்கும், எழும்பிப் பார்த்தேன். நல்ல குளிர். கம்பளியை உதைத்துத் தள்ளிவிட்டிருக்கிறாள், கால் இரண்டும் ஐஸ். கண்ணைத் திறந்தபடி கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "சீத்தலய்த?" என்று சிங்களத்தில் கேட்டேன், குளிருதா என்று. ஆமாம் என்று தலையை ஆட்டினாள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ. இரண்டு பக்கமும் இரண்டு பெரியவர்கள் படுத்திருக்கிறோம், கூப்பிடலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தலையணையைச் சரிசெய்யத் தூக்கினால், அடியில் ரொட்டித் துண்டு மூன்று, பாதி கடித்த மாரி பிஸ்கட், ஓர் அவித்த உருளைக்கிழங்கு. கிழங்கு எந்த நாளுடையது என்று தெரியவில்லை. எறும்பு மொய்த்திருந்தது.

ஒன்டாரியோவில் தத்தெடுக்கிறவர்களுக்கு பிரைட் என்று ஒரு பயிற்சி கட்டாயம். அங்கே சொல்லித் தந்தது இதுதான்: ஆரம்பத்தில் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, விழுந்தால் தூக்குவது எல்லாம் பெற்றோர் இருவர் மட்டுமே. மற்றவர்கள் தூர நிற்க வேண்டும். வகுப்பில் உட்கார்ந்து தலையாட்ட நன்றாகத்தான் இருந்தது. இங்கே அம்மாவிடம் "நீங்க தூக்காதீங்க" என்று எந்த வாயால் சொல்வது? ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அன்று முழுக்க அம்மா சாப்பிடவில்லை. "வெள்ளக்காரன் ஊருக்குப் போயி புள்ளைக்கு வேலி கட்டப் படிச்சிட்டு வந்திருக்கா" என்று அடுப்படியில் இருந்து சத்தம் வந்தது.

24ஆம் தேதி கொழும்பிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது, ஏழு பேர். யாராவது இப்படி ஒரு நிலைமையைத் தாண்டி வந்திருந்தால் சொல்லுங்கள்.


ஹட்டன்காரன் | டிசம்பர் 17

தங்கச்சி, கோபிக்க வேண்டாம். நம்மை எல்லாம் வளர்த்தது யார்? அம்மா கொழுந்து பறிக்கப் போனால், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து ஆயா. பொழுது சாய்ந்தால் லயத்தில் எந்த வீட்டு அடுப்பு எரிகிறதோ அங்கே சோறு. எந்தப் பயிற்சியும் இல்லாமல் நாம் மனுஷராகத்தான் ஆனோம். இத்தனை நாள் யாருமில்லாமல் இருந்த பிள்ளைக்கு ஒரு கூட்டமே கிடைத்திருக்கிறது. அதைப் போய்த் தடுக்கிறீர்களே.


பண்டாரவளை ஆயா | டிசம்பர் 18

ஹட்டன் தம்பி சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் 27 வருடம் பிள்ளை மடுவத்தில் இருந்த ஆயா நான்தான்.

காலையில் பிள்ளையை என் கையில் தந்துவிட்டுத் தாய் மலைக்குத் திரும்பும்போது அது கத்துகிற கத்தில் மடுவத்துத் தகரம் அதிரும். நான் தூக்கி, தட்டிக்கொடுத்து, வேடிக்கை காட்டி அடக்குவேன். பிறகு பால் கொடுக்கத் தாய் வருவாள். இன்னும் வாசலுக்கே வந்திருக்க மாட்டாள், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற ஈரப் படங்கு உரசுகிற சத்தம் கேட்கும், பிள்ளை என் மடியிலிருந்து அந்தப் பக்கம் தாவும். அந்தப் பிள்ளையைத் தூக்க நூறு கை இருந்தது உண்மை தம்பி. ஆனால் அதில் எது தன் கை என்று அதற்குத் தெரிந்திருந்தது. இந்தக் குட்டிக்கு நூறு கையும் ஒரே மாதிரி. நம் காலத்துக்கும் இவளுக்கும் வித்தியாசம் அங்கேதான். கத்துகிற பிள்ளை எனக்கு ஒருநாளும் கவலை தந்ததில்லை. சத்தமில்லாமல் வந்து யார் மடியிலும் உட்காருகிற பிள்ளையைத்தான் நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

மகளே, அம்மாவிடம் பயிற்சி, கனடா என்று எதையும் பேசாதீர்கள். அந்தப் பேச்சுக்கு அவரிடம் கதவு கிடையாது. "அம்மா, நான் இப்பதான் புள்ள பெத்திருக்கேன், இன்னும் முப்பது நாள் கழியல" என்று சொல்லிப் பாருங்கள். அது பொய்யும் இல்லை. பிள்ளை பெற்ற வீட்டில் எப்படி நடக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வருகிறவர்கள் வாசலோடு பார்த்துவிட்டுப் போவார்கள். பிள்ளை தாயோடு இருக்கும். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்த வேலையை அவருக்குக் கொடுங்கள். சும்மா தள்ளி நில் என்று சொன்னால் எந்த அம்மாயிதான் நிற்பாள்?

சாப்பாட்டை ஒளித்து வைப்பதற்குத் திட்டாதீர்கள், எடுத்தும் வீசாதீர்கள். மூடி போட்ட சின்ன டின் ஒன்று வாங்கி, பிஸ்கட் போட்டு, அவள் கை எட்டுகிற இடத்தில் வையுங்கள். குறையக் குறைய அவள் கண் முன்னால் நிரப்புங்கள். எத்தனை எடுத்தாள் என்று எண்ண வேண்டாம். ராத்திரி சின்ன லைட் ஒன்று எரியட்டும், இல்லத்தில் விளக்கை அணைத்திருக்க மாட்டார்கள். குளிக்க வைப்பதைச் சாயங்காலம் வையுங்கள், அடுப்புப் பக்கத்தில், சுடுதண்ணி வாளியோடு. துவட்டி மடியில் போட்டு அனலில் காய விடுங்கள். நம் ஊர்க் குளிர் அதற்குத்தான் உதவும், பிள்ளை தானாகவே ஒடுங்கும்.


இல்லத்துப் பையன், பதுளை | டிசம்பர் 18

நான் பதினொரு வயது வரை ஓர் இல்லத்தில் வளர்ந்தவன். எந்த இல்லம் என்பது வேண்டாம்.

அக்கா, அங்கே ஆள் வரும் நாள் என்று ஒன்று உண்டு. டொபி கொண்டு வருவார்கள், போட்டோ எடுப்பார்கள். நன்றாகச் சிரிக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வார்கள். நான் நன்றாகச் சிரிப்பேன். போகும்போது கை காட்டுவேன், அதோடு அந்த முகம் மறந்துவிடும். உங்கள் மகள் முதல் நாள் உங்களிடம் வந்ததும் அந்தப் பழக்கத்தில்தான். இதைப் படித்து மனம் நோகாதீர்கள், நீங்கள் இன்னும் அவளுக்கு "வந்திருக்கிற ஆள்". எப்போது போவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ராத்திரி அழாததும் அப்படித்தான். அழுதால் பக்கத்துக் கட்டில் பிள்ளை எழும்பும், பெரியவர்கள் எழும்ப மாட்டார்கள். கொஞ்ச நாளில் தொண்டை அதை விட்டுவிடும். அவள் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நீங்களே எழும்பிப் போங்கள்.

இரண்டு விஷயம். அவள் உடுத்தி வந்த உடுப்பை உடனே கழுவாதீர்கள், பழசு என்று வீசவும் வேண்டாம். அந்த மணம் ஒன்றுதான் அவள் கொண்டு வந்த சாமான். அடுத்தது, உங்கள் சொந்தத்தில் விளையாட்டுக்கு யாராவது "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்", "அடம் பிடிச்சா திரும்பக் கொண்டுபோய் விட்டுருவோம்" என்று சொல்லுவார்கள். நம் ஆட்களுக்கு அது எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிற பகிடி. வாயைத் திறக்கும் முன்னாலேயே அடக்கிவிடுங்கள். என்னை ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போன இரண்டாம் நாள் அதைச் சொன்னார். நான் போய் என் பையைக் கட்டி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.


கண்டி கிளார்க் | டிசம்பர் 19

நான் சட்டத்தரணி ஒருவரிடம் எழுதுவினைஞராக இருக்கிறேன். பாசத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஃபைலைப் பற்றிச் சொல்கிறேன், இதுவும் பாசம்தான்.

இங்கே இருக்கிற இந்தக் கிழமைகளில் பிள்ளையின் கதையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லத்தில் யார் குளிப்பாட்டினார்கள், எந்தக் கட்டில், என்ன பட்டப்பெயர், எந்தப் பாட்டுக்குத் தூங்குவாள், கூட இருந்த பிள்ளைகள் யார். கேட்க விடுவார்கள் என்றால் கட்டிலையும் முற்றத்தையும் படம் எடுங்கள். நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களத்துக் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி.

ஏன் சொல்கிறேன் என்றால், 1941ஆம் ஆண்டு மகவேற்புச் சட்டம் கையில் இருந்தபோதேதான் 1980களில் இங்கிருந்து ஆயிரக்கணக்கில் குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். சுவிஸுக்கு மட்டும் 1973 முதல் 1997 வரை 881 பேர். தாய் என்று கோர்ட்டில் நின்றவளே தாய் இல்லை, பிறப்புச் சான்றிதழில் இருந்த பெயரும் பொய் என்று வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டவர்கள் உண்டு. 2020இல் சுவிஸ் அரசாங்கமே இதற்கு வருத்தம் தெரிவித்தது. நாடுகளுக்கு இடையிலான மகவேற்பு பற்றிய ஹேக் உடன்படிக்கையை முதலில் உறுதிப்படுத்திய மூன்று நாடுகளில் இலங்கையும் ஒன்று, 1995இல் அது அமலுக்கு வந்தது. உங்கள் தாள்கள் அதன்படி வந்தவை, அந்தக் காலம் மாதிரி இல்லை. ஆனாலும் கட்டில் எது என்று எந்தத் தாளிலும் இருக்காது.


தலவாக்கலைப் பொண்ணு | ஜனவரி 6

பதில் போடத் தாமதம், மன்னிக்கவும். பனியில் சிக்னல் இல்லை என்று சொல்லலாம், உண்மையில் நேரமே இல்லை.

ஆயா சொன்னபடி அம்மாவிடம் முப்பது கணக்கைச் சொன்னேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை எனக்கு மட்டும் மிளகு ரசம், பூண்டுக் குழம்பு. தலையில் துணி கட்டாமல் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. 24ஆம் தேதி அண்ணன் குடும்பம் வேனிலிருந்து இறங்கியபோது அம்மா வாசலிலேயே நிறுத்தினார். "பச்சப்புள்ள வீடு. கை கால் கழுவிட்டு வாங்க. தூக்கக் கூடாது, பார்க்கலாம்." மூன்று வயதுப் பிள்ளையைப் பச்சைப்பிள்ளை என்றதும் அண்ணி சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. தவிட்டுப் பகிடியை அண்ணன் ஆரம்பித்தார், பாதியிலேயே அம்மா அகப்பையோடு திரும்பினார்.

டின்னை முதல் மூன்று நாளில் எத்தனை தடவை நிரப்பினேன் என்று தெரியாது, எண்ண வேண்டாம் என்றீர்களே. நேற்று இரண்டு தடவைதான். தலையணைக்கு அடியில் இன்னும் ரொட்டி இருக்கிறது. ஒரே ஒரு துண்டு.

புது வருடத்துக்கு முந்தின நாள் விடியக்காலை பஜனைக் கூட்டம் எங்கள் லயத்துப் பக்கம் வந்தது. திடீரென்று மத்தளமும் ஜால்ராவும். இருட்டில் என் நெஞ்சு மேல் எதுவோ ஏறியது. அவளுடைய அப்பாவைத் தாண்டி, அவர் முகத்தை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறாள். "அம்மா, பயய்" என்றாள், பயமாக இருக்கிறதாம். பிறகு அழுதாள், மூக்கு ஒழுக ஒழுக, பஜனை அடுத்த லயத்துக்குப் போன பிறகும் நிறுத்தவில்லை. நான் எதுவும் பாடவில்லை, சொல்லவில்லை, முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பா சிவந்த மூக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவரிடம் அவள் இன்னும் பெரிதாகப் போவதில்லை. அது வேறு கதை, அவர் வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும் தெரிகிறது.

முந்தாநாள் பெரியம்மா வந்து கையை நீட்டினார். "எப்பா", வேண்டாம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு என் கம்பளிக்குள் புகுந்துகொண்டாள். பெரியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மா இப்போது வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார், "புள்ளைக்கு வேத்துமுகம் வந்திருச்சு." அதே பெருமையோடுதான்.

மூத்த அம்மா ஒருவரிடம் கேட்டு இல்லத்துக் கட்டிலைப் படம் எடுத்துவிட்டேன். கதவுப் பக்கத்து இரண்டாவது கட்டில். கூடப் படுத்த பிள்ளையின் பெயரும் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த பயம்: விமானம். மாறி ஏறுவதையும் சேர்த்தால் இருபது மணி நேரத்துக்கு மேல். இறங்கினால் அங்கே பனிக்குவியல். என்ன கொண்டு போகட்டும்?


பண்டாரவளை ஆயா | ஜனவரி 6

நான் விமானம் ஏறினதில்லை மகளே. ஆனால் டின்னைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள், அவள் கையிலேயே இருக்கட்டும். அந்தக் கம்பளியையும் போகும்வரை கழுவ வேண்டாம். அப்புறம் இன்றிலிருந்து ராத்திரி ரொட்டியை அவளுடைய அப்பா கையால் ஊட்டச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.