புதுப்பிப்பு: தாத்தாவின் ரேடியம் வாட்ச் ஏன் ஒளிரவில்லை?

1950களில் வாங்கிய தாத்தாவின் வாட்ச் இருட்டில் மின்னுவதே இல்லை, எண்களில் பூசியிருந்த ரேடியம் (கதிர்வீச்சை வெளியிடும் தனிமம்) தீர்ந்துவிட்டதா என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

தெரிந்த இயற்பியல் பேராசிரியர் கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கருவியை டயலுக்கு அருகே கொண்டுபோனார். படபடவென்று பொரிய ஆரம்பித்தது. ரேடியம் அப்படியேதான் இருக்கிறது! ரேடியம்-226இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 1600 ஆண்டுகள். 70 ஆண்டுகளில் ஏறக்குறைய 3 சதவீதம்தான் குறையும்.

செத்துப்போனது அதோடு கலந்திருந்த துத்தநாக சல்பைடு என்ற ஒளிரும் பொருள். ரேடியத்திலிருந்து வரும் ஆல்பா துகள் அதன் படிகத்தில் மோதும்போது ஒரு ஒளிப்பொறி தெறிக்கிறது. ஆனால் அதே மோதல் அணுக்களை இடம்பெயர்த்து, படிகத்தில் குறைகளையும் விட்டுச் செல்கிறது. குறைகள் பெருகப் பெருக, வரும் ஆற்றல் ஒளியாக மாறாமல் வெப்பமாகவே போய்விடுகிறது. ஒளியைத் தந்த கதிர்வீச்சே ஒளிர்பொருளை அழித்தும் விட்டது என்பது எனக்கு உண்மையிலேயே வியப்பு.

புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தோம். பழுப்பேறிய எண்கள் மங்கலாக மினுங்கி, டார்ச்சை அணைத்ததுமே அணைந்துவிட்டன.

ரேடியத்துக்குப் பதில் டிரிட்டியம் (கதிர்வீச்சுள்ள ஒரு வகை ஹைட்ரஜன்) பூசிய பிற்கால வாட்ச்களில் கதை வேறு. டிரிட்டியம் வெளியிடும் பீட்டா துகளுக்கு (வேகமான எலக்ட்ரான்) அணுவை இடம்பெயர்க்கும் வலு கிடையாது, அங்கே 12.3 ஆண்டு அரை ஆயுள் கொண்ட டிரிட்டியம்தான் முதலில் குறைகிறது.

பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாம் என்று சிலர் சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போனால் ஆபத்து, ரேடியம் சிதைந்து உருவாகும் ரேடான் என்ற கதிர்வீச்சு வாயுவும் உள்ளே தேங்கியிருக்கும். நான் மூடியைத் திறக்கப் போவதில்லை.