அந்தமான் ட்ரிப்புக்கு வெயிட் கம்மியான டைவிங் கியர்: எத மொதல்ல வாங்கறது?

கோவைக்கடல்:
வணக்கம் மக்களே. டைவிங்ல மொத லெவலான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் பாண்டிச்சேரில முடிச்சாச்சுங்க, அட்வான்ஸ்ட ஹேவ்லாக்ல பண்ணிடலாம்னு பிப்ரவரி கடைசிக்கு டிக்கெட்டும் போட்டாச்சு, கோயமுத்தூர் டு சென்னை, அங்கிருந்து போர்ட் பிளேர், அப்புறம் ஃபெர்ரி. செக்கின் 15 கிலோ, கைல 7 கிலோ, அவ்ளோதான் விடறாங்க. இதுவரைக்கும் எல்லாமே ஷாப்ல குடுத்த கியர்தான், மாஸ்க் ஒழுகறது ஒரு பக்கம், நான் கண்ணாடி போடறவ (மைனஸ் 3 ரெண்டு கண்ணும்) அதனால மீனா பாறையான்னே தெரியாம பாதி டைவ் போகுது. உயரம் 5.2, ஜாக்கெட் எப்பவும் தொளதொளன்னு தூக்கிட்டு காதுகிட்ட வந்து நிக்கும். கியர் கடைல கேட்டா டிராவல் பிசிடி (காத்து ஏத்தற டைவிங் ஜாக்கெட்) ஒண்ணு காட்டி, மூணு கிலோகூட வராது மேடம், மொதல்ல இத எடுத்துக்கங்க மீதிய அப்புறம் பாத்துக்கலாம்ங்கறார். பட்ஜெட் 60 ஆயிரம், அதுக்கு மேல வீட்ல கேள்வி வரும். மொதல்ல பிசிடியா, டாங்க் காத்த மூச்சுக்கு தர்ற ரெகுலேட்டரா? ஃபின்ஸ் வெறுங்கால்ல மாட்டற ஃபுல் ஃபூட்டா, பூட்டீஸ் (டைவிங் ஷூ) போட்டு மாட்டறதா? வெட்சூட் தூக்கிட்டு போகணுமா? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க, பிராண்ட் சண்டை மட்டும் வேண்டாங்க.

பவளப்பூச்சி:
பிசிடில ஆரம்பிக்கறது கடைக்காரருக்கு நல்லது, உங்களுக்கு இல்ல. ஹேவ்லாக்ல பெரும்பாலும் டைவ் ரேட்லயே கியர் சேந்துடும், சொந்தமா கொண்டுபோனா ஏதோ கொஞ்சம் கழிப்பாங்க, சில இடத்துல அதுவும் கிடையாது, மெயில் போட்டு கேட்டுடுங்க. அதனால வெயிட்டுங்கற கேள்விக்கு முன்னாடி, அங்க கிடைக்காதது என்னன்னு பாருங்க. உங்க பவர்ல மாஸ்க் கிடைக்காது. ரெண்டு கண்ணாடி தனித்தனியா இருக்கற மாஸ்க் எடுத்தீங்கன்னா ரெடிமேட் பவர் லென்ஸ் அரை அரை பவரா வருது, மைனஸ் 3 எல்லாம் சுலபமா கிடைக்கும், ஆஸ்டிக்மேட்டிசம் இருந்தா மட்டும் தனியா செய்யச் சொல்லணும். அதுக்கு அடுத்தது டைவ் கம்ப்யூட்டர், ஆழமும் நேரமும் கணக்கு வெக்கற வாட்ச். இது பாதுகாப்பு விஷயம், ஏன்னா காலைல போட்ட டைவோட நைட்ரஜன் கணக்கு அந்த வாட்ச்சுக்குள்ளதான் இருக்கு, மத்தியானம் வேற ஒண்ண மாட்டி விட்டா அது உங்கள ஃப்ரெஷ்ஷா வந்த ஆள்னு நெனச்சுக்கும். கைல கட்டிட்டே ப்ளைட் ஏறலாம், லக்கேஜ்ல ஒரு கிராம் கூட ஏறாது. கிரெஸி, மாரெஸ், சுன்டோ எல்லாத்துலயும் ஆரம்ப மாடல் இருக்கு, நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டின காத்து) மோட் இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க, அட்வான்ஸ்டுக்கு அப்புறம் எல்லாரும் அதத்தான் பண்றாங்க.

ஃபின்ஸுக்கு வரேன். ஃபுல் ஃபூட் ரொம்ப லேசு, ஆனா பீச் நம்பர் 5 பக்கம் லோ டைட்ல தண்ணி ரொம்ப தூரம் உள்வாங்கிடும், படகு வரைக்கும் உடைஞ்ச பவளத்து மேலயும் கல்லு மேலயும் நடக்கணும், வெறுங்காலோட நடந்து பாருங்க அப்புறம் பூட்டீஸ் விலை பெருசா தெரியாது. நான் எடுத்துட்டு போறது மெல்லிசான பூட்டீஸ், அதுக்கு ஏத்த சின்ன ஓப்பன் ஹீல் ஃபின்ஸ். ரப்பர்ல வர்ற ஜெட் ஃபின் டைப் மட்டும் வேண்டாம், ஜோடியே மூணு கிலோ பக்கம் வந்துடும்.

அரைக்கிலோ:
பவளப்பூச்சி சொன்னதுல மாஸ்க், கம்ப்யூட்டர் சரி. பிசிடிய அவ்ளோ ஈசியா தள்ளாதீங்க ப்ரோ. 5.2 உயரத்துக்கு எக்ஸ்எஸ் சைஸ் எத்தன ஷாப்ல ஒழுங்கா வெச்சிருக்காங்க? தொளதொளன்னு இருக்கற ஜாக்கெட்ல காத்து ஏத்தினா ஜாக்கெட் மேல போகும் ஆள் கீழ தொங்குவாங்க, அதுல ட்ரிம் (தண்ணில மட்டமா படுத்தாப்ல நிக்கறது) கத்துக்கறது எப்படி.

ஆனா சிஸ்டர், கடைக்காரர் சொல்ற மூணு கிலோவ மட்டும் பாக்காதீங்க. சாதா ஜாக்கெட் நாலு கிலோ பக்கம் வரும், அதுல பஞ்சு பேடிங் நிறைய, அது தண்ணில மிதக்கும், அத முக்கறதுக்குன்னே தனியா ஈயம் கட்டணும். டிராவல் பிசிடில பேடிங் கம்மி, அதனால பெட்டிலயும் வெயிட் கம்மி இடுப்புலயும் கம்மி, இதுதான் நெஜமான லாபம். பேக்ப்ளேட்ல (முதுகுல மாட்டற உலோகத் தட்டு) கதை தலைகீழ். ஸ்டீல் ப்ளேட் ரெண்டரை கிலோவுக்கு மேல, அலுமினியம் ஒரு கிலோகூட இல்ல, சூட்கேஸுக்கு அலுமினியம்தான் வசதி ஆனா ஸ்டீல்ல மிச்சமான அந்த ஒன்றரை கிலோவ அங்க ஈயமா கட்டியே ஆகணும். ஈயம் ஷாப்ல சும்மா தர்றான், ஏர்லைன்ஸ் கிலோவுக்கு காசு வாங்கறான், அப்ப எத தூக்கணும்னு நீங்களே பாத்துக்கங்க.

இன்னொண்ணு, அங்க டாங்க் எல்லாம் அலுமினியம் 80ங்கற சைஸ். புல்லா இருக்கும்போது லேசா முங்கும், காலியாக காலியாக மேல தூக்கும், உள்ள இருக்கற காத்தே ரெண்டரை கிலோவுக்கு மேல. அதனால டைவ் ஆரம்பத்துல சரியா இருக்குன்னு ஈயத்த குறைச்சுடாதீங்க, டாங்க்ல கடைசி 50 பார் பிரஷர் இருக்கும்போது 5 மீட்டர் ஆழத்துல நிக்க முடியுதான்னு பாத்து முடிவு பண்ணுங்க. சில டிராவல் மாடல்ல ஈயப் பாக்கெட்டே இருக்காது, தனியா பெல்ட் கட்டணும், வாங்கறதுக்கு முன்னாடி கேளுங்க.

ரெகுலேட்டர் இந்த ட்ரிப்புக்கு வேண்டாம். காசு அதுக்கு பத்தாது, பத்தினாலும் வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணணும், உங்க ஊர்ல யார் பண்றாங்கன்னு தெரியாம வாங்கறது வம்பு. வாங்கற அன்னிக்கு டைட்டானியம்னு சொல்லி ஆசை காட்டுவாங்க, நூறு இருநூறு கிராமுக்கு அந்த விலை எனக்கு பைத்தியக்காரத்தனமா தெரியுது. டின் டைப் (டாங்க்ல திருகி மாட்டற) ரெகுலேட்டர் வாங்கினா, கவ்வி மாட்டற டாங்க்குக்கு யோக் அடாப்டர் ஒண்ணு கைல வெச்சுக்கணும், அதுவே கால் கிலோ பக்கம்.

திருமலை டைவர்:
திருகோணமலையில இருந்து எழுதிறன். எல்லாரும் போகேக்க இருக்கிற நிறையைப் பற்றித்தான் கதைக்கினம், வரேக்க என்ன நடக்கும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. எல்லாம் ஈரம் தங்கச்சி. 3 மில்லிமீட்டர் தடிப்புச் சூட்டும் பூட்டீஸும் காயாமல் பெட்டிக்குள்ள போனா கவுண்டரில தராசு உங்களைப் பார்த்துச் சிரிக்கும். பிசிடி வாங்கினாலும் அதே கதைதான், உள்ளுக்கு தண்ணி நிக்கும், தலைகீழாப் பிடிச்சு ஊத்திப்போட்டு, வாயால காத்தடிச்சு, திரும்ப ஒருக்கா ஊத்துங்கோ.

பிளேன் ஏற முதல் ஒரு டைவ் எண்டால் 12 மணித்தியாலம், நாள்க்கணக்கா கன டைவ் போட்டிருந்தால் 18 மணித்தியாலம் விடச் சொல்லி டான் எண்ட டைவர் பாதுகாப்பு அமைப்பு சொல்லுது, நாங்கள் இஞ்ச 24 எண்டே வைச்சிருக்கிறம். அந்த ஒரு நாள்தான் உங்கட சாமான் காயிற நாள், அதுக்கேத்த மாதிரி ஃபெர்ரியைப் பதிவு செய்யுங்கோ. நிழலில போடுங்கோ, வெயிலில போட்டா நியோப்ரீனும் சிலிக்கனும் கெதியில பழுதாப் போகும்.

சூட் பற்றிக் கேட்டனீங்கள். பிப்ரவரியில அந்தப் பக்கத் தண்ணி 27, 28 பாகை இருக்கும், குளிர் தாங்குவீங்கள் எண்டால் ரேஷ் கார்டும் (மெல்லிசான நீச்சல் சட்டை) லெக்கிங்ஸும் போதும். ஒரு நாளில மூண்டு டைவ் எண்டால் மூண்டாவதில நடுங்குவீங்கள், அப்ப கடைச் சூட்டை வாங்கிப் போடுங்கோ. மற்றது, மிதவை வாங்குங்கோ, எஸ்எம்பி எண்டு சொல்லுவினம், அதோட கயிறு சுத்தின ஒரு சின்ன ஸ்பூலும். அரைக் கிலோ கூட வராது, ஆனா நீரோட்டம் இழுத்துப் போன இடத்தில படகுக்காரருக்கு உங்களைக் காட்டுறது அதுதான்.

கோவைக்கடல்:
ஐயோ ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், அண்ணா நீங்க சொன்ன காயவைக்கற விஷயம் எங்க யோசனைலயே இல்ல, ஃபெர்ரிய ஒரு நாள் முன்னாடி மாத்திட்டேன். இன்னொரு சந்தேகம், டார்ச் ஒண்ணு இருக்கு ரீசார்ஜபிள் பேட்டரி, அது எதுல போடணும்? ஏர்போர்ட்ல பிடுங்கிடுவாங்கன்னு ஃப்ரெண்டு பயமுறுத்தறா.

பவளப்பூச்சி:
லித்தியம் பேட்டரிய கழட்டி தனியா சின்ன டப்பால போட்டு கைல வெச்சுக்கங்க, பவர் பேங்க் மாதிரிதான், கழட்டின பேட்டரி செக்கின்ல போகவே கூடாது. டார்ச்சுக்குள்ளயே விட்டீங்கன்னா தவறி ஆன் ஆச்சுன்னா டைவ் டார்ச் சூடு சாதாரண சூடு இல்ல, தண்ணில குளிரட்டும்னு செஞ்சது அது. கத்தி, லைன் கட்டர் இருந்தா செக்கின். மாஸ்க் கண்டிப்பா கேபின், பெட்டி தொலஞ்சாலும் கண்ணு தெரியணும்ல. புது மாஸ்க்க ஊர்லயே டூத்பேஸ்ட் போட்டு உள்பக்கம் நாலஞ்சு தடவ தேச்சு கழுவிடுங்க, ஃபேக்டரில வர்ற சிலிக்கன் படலம் போகலன்னா என்ன துப்பினாலும் பனி மூடும். பவர் லென்ஸ மாட்டறதுக்கு முன்னாடியே தேச்சுடாதீங்க, லென்ஸ்தான் கண்ணாடி, அதத்தான் தேய்க்கணும்.

கோவைக்கடல்:
அப்ப மாஸ்க், கம்ப்யூட்டர், ஃபின்ஸ் பூட்டீஸ், எஸ்எம்பி. பட்ஜெட்ல மீதியும் இருக்குங்க. ஷாப்புக்கு மெயில் போட்டேன், எக்ஸ்எஸ் ஜாக்கெட் ஒண்ணு இருக்குன்னு பதில் வந்துச்சு, டிராவல் மாடலும் ஒண்ணு டெமோக்கு வெச்சிருக்காங்களாம், ஒரு டைவ் போட்டு பாக்க தருவாங்களாம்.

அரைக்கிலோ:
அத விட்ராதீங்க. போடும்போது காலி ஜாக்கெட்ல பட்டைய இழுத்து பாக்காதீங்க, காத்து முழுசா ஏத்தி அப்புறம் மூச்ச இழுத்து விடுங்க, விலா நெருக்கினா சைஸ் தப்பு. தோள்ல இருந்து கீழ இறக்கற பட்டை கடைசி வரைக்கும் இழுத்தும் மிச்சம் தொங்குதுன்னா அந்த மாடலே உங்க உயரத்துக்கு இல்ல, கம்பெனி பேர பாத்து ஏமாறாதீங்க. எத்தன கிலோ ஈயம் கட்டினீங்கன்னு ரெண்டு ஜாக்கெட்டுக்கும் எழுதி வெச்சுட்டு வந்து இங்க போடுங்க.