மறுமொழி: ராண்டால் பிளேக் – ‘படிவு’ பொருந்தாது

அன்புடையீர்,

சிறுநீரகக் கல்லுக்கு அடித்தளமாகும் ‘ராண்டால் பிளேக்’ (Randall's plaque) என்ற திட்டுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலில், ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘சிறுநீரகப் படிவு’ என்றே வைத்துவிடலாமே, எளிதாக இருக்கிறது.

எளிதுதான் ஐயா, ஆனால் இடம் தவறிப்போகிறது. படிவு என்றால் மேலிருந்து இறங்கி அடியில் தங்கியது. சிறுநீர்ப் பரிசோதனையிலும் அந்தப் பொருளில்தான் ஆள்கிறோம். அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் ராண்டால் 1937இல் விவரித்ததோ சிறுநீரகப் பிரமிடின் (சிறுநீரகத்தின் உட்பகுதியிலுள்ள கூம்பு வடிவத் திசு) நுனியில், திசுவுக்கு உள்ளேயே உருவாவது. சிறுநீரை உருவாக்கும் நுண்குழலில் கொண்டை ஊசிபோல் வளையும் பகுதியான ஹென்லே வளைவின் மெல்லிய குழலைச் சுற்றியுள்ள அடிச்சவ்வில் கால்சியம் பாஸ்பேட் பொடிமணிகளாகத் தோன்றுகிறது. அங்கிருந்து பக்கத்துத் திசுவுக்குப் பரவி, மேற்படலத்துக்குக் கீழே வந்து நிற்கிறது. படலம் சிதைந்த இடத்தில்தான் சிறுநீர் அதைத் தொடும். பிறகு அதன்மேல் கால்சியம் ஆக்சலேட் அடுக்கடுக்காக ஏறிக் கல்லாகிறது.

‘சுண்ணாம்புத்திட்டு’ என்ற பரிந்துரையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அதைக் கேட்ட நோயாளி அன்றைக்கே பாலையும் தயிரையும் நிறுத்திவிடுவார். நாற்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தி 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உணவில் கால்சியம் மிகுதியாக உண்டவர்களுக்கே கல் குறைவாக வந்தது. 2002இல் வெளியான இத்தாலிய ஆய்வும் அதையே உறுதிசெய்தது. கால்சியத்தைக் குறைத்தவர்களைவிட, கால்சியத்தை வழக்கம்போல் உண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கு, ஐந்தாண்டுகளில் கல் திரும்புவது ஏறக்குறைய பாதியாக இருந்தது. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. ஒரு கலைச்சொல்லே நோயாளியைத் தவறான பத்தியத்துக்குத் தள்ளக் கூடாது.

இன்னொரு பரிந்துரையான ‘கல்முளை’ அழகான சொல். ஆனால் திட்டு இருக்கும் சிறுநீரகங்கள் எல்லாவற்றிலும் கல் முளைப்பதில்லை.

அகநோக்கியில் (உடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கருவி, endoscope) பார்க்கும் மருத்துவரின் கண்ணுக்கு இது வெளிறிய திட்டாகத் தெரியும். ஆகவே ‘ராண்டால் வெண்திட்டு’ என்பது என் பரிந்துரை. காரணத்தைப் பற்றி அது எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தோல்நோயோடு குழம்பும் என்று ஒருவர் அஞ்சினார். முன்னால் ராண்டால் பெயர் நிற்கும்வரை குழப்பம் வராது.

பிரமிடின் நுனியில் சிறுநீரை வெளிவிடும் பெல்லினி நாளங்களின் வாயை அடைத்து நிற்கும் படிகக்கட்டி வேறு வகை. அதையும் இந்தத் தலைப்பில் சேர்த்துவிட வேண்டாம். ‘நாளத்தக்கை’ என்றால் பொருந்துமா? சிறுநீரியல் மருத்துவர்கள் சொல்லுங்கள்.