மழை வந்தால் சிக்னல் விழுகிறது: முதலில் எங்கே பார்ப்பது?

தொலைக்காட்சி நிலையப் பொறியாளர் இருவர் சொல்கிறார்கள்.

கோலாலம்பூர், டவுன்லிங்க் (செயற்கைக்கோளிலிருந்து வாங்கும்) பக்கம்:

மேசாட் செயற்கைக்கோள் 91.5 பாகை கிழக்கில் நிற்கிறது. கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய தலைக்கு மேலே, 77 பாகை உயரத்தில். அதனால் நடுவில் ஃபீட் (சிக்னலை வாங்கும் முனை) வைத்த பெரிய டிஷ் இங்கே மல்லாந்து கிடக்கும் சட்டி மாதிரிதான். அடியிலுள்ள வடிகால் துளையை இலையோ பாசியோ அடைத்தால் தண்ணீர் கட்டிக்கொள்ளும்.

அதிர்வெண் கூடிய கேயு பேண்ட் கனமழையில் விழுவது இயல்பு. மழை விட்டால் ஏறிவிடும். அதிர்வெண் குறைந்த சி பேண்ட் அவ்வளவாக அசையாது. மழை விட்டு அரை மணி ஆகியும் சி/என் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் அளவு) பழைய அளவுக்கு வரவில்லையென்றால் வானத்தைக் குறை சொல்லாமல் ஏணியை எடுங்கள். துளையைச் சுத்தம் செய்த கையோடு எல்என்பியை (சிக்னலைப் பெருக்கும் பெட்டி) ஃபீடோடு இணைக்கும் ஃபிளாஞ்சின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். ஃபீட் கீழ்நோக்கி இருப்பதால் மழை நேராக அந்த மூட்டின் மேல்தான் விழுகிறது. வளையத்தை விட்டுவிட்டு எல்என்பியை மட்டும் மாற்றினால் புதியதும் நனையும்.

மார்ச், செப்டம்பரில் சம இரவு நாளை ஒட்டிச் சில நாள், பிற்பகல் இரண்டு மணி சுமாருக்குச் சில நிமிடம் சிக்னல் போனால் அது செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் சூரியன். எதையும் கழற்ற வேண்டாம்.

பினாங்கு, டிரான்ஸ்மிட்டர் பக்கம்:

கோலாலம்பூர் அண்ணன் சொன்னது டிஷ்ஷுக்கு. கோபுரத்தில் கதை வேறு. அனலாக் காலத்தில் ஆன்டெனாவுக்குப் போகும் ஃபீடர் கேபிளில் ஈரம் ஏறினால் படத்தில் நிழல் தட்டும், பார்த்ததும் தெரிந்துவிடும். 2019 அக்டோபர் 31-உடன் நாடு முழுக்க அனலாக் நின்றது. இப்போதைய டிஜிட்டல் முறையான டிவிபி-டி2-வில் படம் கடைசி வரை நன்றாகவே இருக்கும், பிறகு ஒரேயடியாகப் போகும். படத்தை நம்பாதீர்கள். போகும் பவர், திரும்பும் பவர், எம்இஆர் (டிஜிட்டல் சிக்னலின் தரம்) மூன்றையும் தினமும் ஒரே நேரத்தில் எழுதி வையுங்கள்.

1 கிலோவாட் அனுப்பும்போது விஎஸ்டபிள்யூஆர் (பவர் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எண்) 1.1 என்றால் திரும்புவது சுமார் 2 வாட், 1.5 என்றால் 40 வாட். இந்த எண் வெயிலில் இறங்கி மழையில் ஏறுகிறதா, ஏதோ ஒரு மூட்டில் தண்ணீர் புகுந்திருக்கிறது. கேபிளுக்குள் உலர்ந்த காற்றை அடைக்கும் டீஹைட்ரேட்டர் முன்பைவிட அடிக்கடி ஓடுவதும் அதே செய்தியைத்தான் சொல்கிறது: காற்று வெளியேறும் வழியில் ஈரம் உள்ளே வரும். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், நுரை காட்டிக்கொடுக்கும். ஏறும் முன் டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பூட்டி, சாவியை ஏறுபவரே வைத்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மூட்டுகளை மூடும் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். கேபிள் அறைக்குள் நுழையும் இடத்துக்கு முன் கொஞ்சம் தொங்க விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கோலாலம்பூர், மின்னல் பற்றி:

கோபுரத்துக்கு ஒரு எர்த், கரண்டுக்கு ஒரு எர்த் என்று தனித்தனியாக இருப்பதுதான் பெட்டிகளைக் கொல்கிறது. இடி விழும்போது இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். அது எஸ்டிஐ (வீடியோ), நெட்வொர்க் கேபிள் வழியாகத்தான் பாயும். எல்லாவற்றையும் ஒரே செம்புப் பட்டையில் சேருங்கள். கோபுரத்து அறைக்கும் ஸ்டூடியோவுக்கும் நடுவே உலோகமில்லாத ஃபைபர் போடுங்கள். எர்த் 10 ஓம்முக்குக் கீழே இருக்கட்டும். நாலு நாள் வெயில் அடித்த பிறகு அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு, ஈர மண் எப்போதும் நல்ல எண்ணையே காட்டும். ஒவ்வொரு இடிமழைக்குப் பிறகும் மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரின் சிறு சன்னலைப் பாருங்கள். சிவப்பாகியிருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். அடுத்த இடி மறுநாள் சாயங்காலமே வரலாம்.